பிரஸ்ஸல்ஸே, வெளியேறு

ஒண்டிக்கடை முக்கில்
மூன்று கட்சி சேர்ந்து ஒரு மேசை போட்டது.
மேசை என்னுடையது.
கூட்டத்தில் பத்தொன்பது பேர்,
அதில் நான்கு பேர் காவல்துறை,
ஒருவர் மைக்செட்காரர்.

தீர்த்தகிரி கட்சிக்குக் கொடி இருந்தது.
சடையன் கட்சிக்கு ஆள் இருந்தது,
மஞ்சக்குட்டையில், மாமன் மச்சான் முறையில்.
சவரிமுத்து கட்சிக்கு லெட்டர்பேடு மட்டும்;
தலைவர் முதல் பொருளாளர் வரை
எல்லாக் கையெழுத்தும் ஒரே சாய்வில் இருக்கும்.

எதிரி யார் என்பதில் மட்டும்
பங்கீட்டுப் பேச்சு தேவைப்படவில்லை.
ஐரோப்பிய ஒன்றியம்.
அதை எதிர்த்து
ஏற்காடு ஒன்றியத்தில் ஒரு கவுன்சிலர் இடம்.
கோபமெல்லாம் பி.டி.ஓ. ஆபீஸ் மேல்தான் என்று நினைத்து
ஒருவர் கடைசிவரை கைதட்டினார்.

அங்கிருந்து ஒரு தாள் வந்திருந்தது,
செவ்வாய்ப்பேட்டை வியாபாரி வழியாக.
இந்தக் காப்பி எந்த மண்ணில் விளைந்தது,
அட்சரேகை, தீர்க்கரேகை,
காட்டை அழித்து நட்டதில்லை என்று உறுதிமொழி.
இல்லாவிட்டால் கொட்டை கப்பலேறாது.

"காட்ட வெட்டுனதே உங்க பாட்டன்டா!"
தீர்த்தகிரி மைக்கை விழுங்கப் பார்த்தார்.
"வெட்டுனான், நட்டான், பங்களா கட்டுனான்,
இன்னைக்கு எங்ககிட்ட வந்து
சர்டிபிகேட் கேக்குறான்!"
போலீஸ்காரர் ஒருவரும் கைதட்டிவிட்டார்.
சொன்னது பொய்யில்லை.
அந்தக் கூட்டணியோடு எனக்கிருந்த தொல்லையே அதுதான்,
பாதி நேரம் அவர்கள் சொன்னது பொய்யில்லை.

சுவர் எழுத்து என் கையால்:
பிரஸ்ஸல்ஸே, சேர்வராயனை விட்டு வெளியேறு.
சுண்ணாம்பு காய்வதற்குள்
ஒரு மாடு வந்து உரசி
'வெளி'யை எடுத்துக்கொண்டு போனது.
மிச்சம் 'யேறு'.
இருபது கொண்டை ஊசி வளைவும்
ஏறி வரச் சொல்வதுபோல.

பகலில் நான் வியாபாரியின் ஆள்,
அந்தத் தாளை நிரப்புகிறவன்.
ராத்திரி அதே பேனாவால் அதைத் திட்டுவேன்.
பகல் கூலி வந்துவிட்டது;
கூட்டணி பாக்கி இன்னும் அறுநூறு.

வெள்ளச்சி தோட்டம் கொட்டச்சேட்டுக்குக் கீழே.
அரை ஏக்கர், பட்டா கிடையாது,
மிளகு படர்ந்த சில்வர் ஓக் சில, பலா ஒன்று.
போனைத் தூக்கிப் பிடித்தபடி நடந்தேன்.
பலாவடியில் சிக்னல் கிடைத்தது.
பதினொன்று புள்ளி ஏழு ஒன்பது,
எழுபத்தெட்டு புள்ளி இரண்டு மூன்று.

"அது என்ன?"
"உங்க நிலம் இருக்கிற இடம்."
"யாருக்குச் சொல்ல?"
"ஐரோப்பாவுக்கு."

முந்தானையில் கை துடைத்துக்கொண்டு
இன்னொரு முறை சொல்லச் சொன்னாள்.
வி.ஏ.ஓ. ஆபீஸில் பதினோரு வருஷமாக
இல்லை என்றே சொல்லப்பட்ட நிலம்.
கரித்துண்டால் அடுப்படிச் சுவரில் எழுதினாள்,
புள்ளிகளை மட்டும் கொஞ்சம் பெரிதாக.

அன்றைக்கு மேடையில் தீர்த்தகிரி:
"நம்ம நிலம் எங்க இருக்குன்னு
அவன் எதுக்குத் தெரிஞ்சுக்கணும்?"
போன மார்கழியில் விடுதி கட்ட
அவர் சாய்த்த அறுபது மரம் நின்ற இடத்துக்கும்
எண் உண்டு என்று
அப்போதுதான் எனக்கு உறைத்தது.
மேலேயிருந்து படம் எடுக்கிறார்களாம்.
அவருக்கு முன்னமே உறைத்திருக்க வேண்டும்.

சின்னம் கேட்டது காப்பிக் கொத்து,
கிடைத்தது தையல் எந்திரம்.
விழுந்தது இருநூற்றுப் பதினொன்று.
அதில் இருநூறு தன் ஆட்கள் என்றார் சடையன்.
சவரிமுத்து தன் லெட்டர்பேடிலேயே
கூட்டணியிலிருந்து வெளியேறினார்.
நான் எழுதிய சொல்லுக்குக் கீழ்ப்படிந்தது
அவர் ஒருவர்தான்.

பிளெக்ஸ் பேனரை வெள்ளச்சி கேட்டு வாங்கிக்கொண்டாள்.
தை வெயிலில் வாசலில் விரித்து
பழத்தைக் கொட்டிக் காலால் துழாவுகிறாள்.
தீர்த்தகிரியின் கூப்பிய கைமேல் சிவப்பாய்க் கொஞ்சம்,
பிரஸ்ஸல்ஸ் மேல் கறுத்துச் சுருங்கியது கொஞ்சம்.
சாயங்காலம் தூறல் வரும் போலிருந்தால்
நாலு மூலையையும் சேர்த்துப் பிடித்து
முழுக் கூட்டணியையும்
வீட்டுக்குள் இழுத்துப் போடுகிறாள்.